ஊதிப் பார்க்காதே

முத்தையா,

இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது அந்தத் துப்பாக்கி உன் மடியிலோ தோளிலோ இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் முதலில் அதைத் தரையில் கிடத்து. அதன் வாய் மண்கரையைப் பார்த்திருக்கட்டும். ஆள் நடமாடும் பக்கமும் வேண்டாம், மாட்டுத் தொழுவத்தின் பக்கமும் வேண்டாம். கிடத்திவிட்டுப் பின்பக்கமாக விலகிப் போய், வேப்பமரமோ கேணிச் சுவரோ எது இருக்கிறதோ அதன் மறைவில் உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. நீ அப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பேசப் போகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கோமதி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அவளை இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். பூகோளப் பாடம் போய்விடுமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தாள். நாலாம் பாரம் போனதிலிருந்து என் பேச்சை அப்படியே எழுதமாட்டேன் என்கிறாள். நான் ஒரு மாதிரி சொன்னால் அவள் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதுகிறாள். கேட்டால், "காயிதத்துல இப்படித்தான் ஐயா எழுதணும்" என்கிறாள். ஆகையால் இதில் உள்ள வார்த்தைகள் உன் தங்கையுடையவை. விஷயம் மட்டும் என்னுடையது. அதை ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எழுதிய கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. இரண்டு மாதமாகக் காவல் வேலை நன்றாகப் போகிறது, கடலைச் செடி பூவிட்டிருக்கிறது, சோறு ஆக்கப் பழகிவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கடைசியில் நாலு வரி. புதன்கிழமை காலையில் பன்றி வந்தது, குறிபார்த்துத் தட்டினேன், மருந்துக்குத் தீ கொடுக்கிற கேப்பு மட்டும் பொட்டென்று வெடித்தது, உள்ளே இருந்த மருந்து பிடிக்கவில்லை, துப்பாக்கி மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஊதிப் பார்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். உன் அம்மா அந்த வரிகளைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அந்த நாலு வரியைக் கோமதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். இன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குச் சிவகிரிக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நானே வருவேன். இரண்டு நாளில் நேரே வருகிறவன் எதற்காக எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது.

முதலில் நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேப்பு வெடித்து மருந்து வெடிக்காத துப்பாக்கியை யாரும் செத்துப்போனதாக எண்ணக் கூடாது. மருந்து ஈரமாக இருந்தால் தீ உடனே ஓடாது. மூலையில் ஒரு பொட்டுக் கனிந்துகொண்டிருக்கும். எப்போது அது மற்ற மருந்துக்குத் தாவும் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆகையால் தட்டியது வெடிக்காவிட்டால், தோளிலிருந்து இறக்காதே. வாயைக் குறிபார்த்த திசையிலேயே, ஆள் இல்லாத மலைப்பக்கமோ மண்பக்கமோ பிடித்தபடி நில். நின்ற இடத்தில் முந்நூறு எண்ணு. பன்றி போனால் போகட்டும். பக்கத்தில் நிற்பவன் சிரித்தால் சிரிக்கட்டும். முந்நூறு எண்ணி முடிப்பதற்குள் நீ அதைத் திருப்பவும் கூடாது, கீழே ஊன்றவும் கூடாது, உள்ளே என்ன என்று பார்க்கவும் கூடாது. அது புதன்கிழமையே நீ செய்திருக்க வேண்டியது. செய்தாயோ இல்லையோ, கடிதம் எழுத நீ இருந்தாய். கோமதிக்கு அம்மன் பெயரை வைத்தது வீண்போகவில்லை, அந்த அம்மன்தான் உன்னைக் காத்தாள் என்று நேற்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தத் தீ அவிந்திருக்கும். ஆனால் மருந்து உள்ளே உயிரோடு இருக்கிறது. கேப்பைத் தட்டுகிற குதிரையை மெல்லத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் முளையின் மேல் வெடித்த கேப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு குச்சியால் தள்ளி எடுத்துவிடு. புதுக் கேப்பு மாட்டாதே. பிறகு அந்த முளையின் துவாரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடு. அதன் பின் துப்பாக்கியை ஒரு கவைக்கம்பில் சாய்த்து, வாய் மேலே பார்க்க நிறுத்தி, நீ பக்கவாட்டில் நின்றுகொண்டு, முகத்தை விலக்கி, கையை நீட்டி, குழல் நிறையும்வரை வாய்வழியாகத் தண்ணீர் ஊற்று. தண்ணீர் வற்றினால் மறுபடியும் ஊற்று. ஒரு பகலும் இரவும் ஊறட்டும். நனைந்த மருந்து சேறு. சேறு யாரையும் கொல்லாது. மருந்தின் மேல் அடைத்த நாரையும் குண்டையும் வெளியே எடுப்பதற்கு நுனியில் திருகு வைத்த கம்பி வேண்டும். அது உன்னிடம் இல்லாவிட்டால் தேடி அலையாதே. ஊறியபடியே வைத்திரு, நான் கொண்டுவருவேன். அனலில் காட்டி உலர்த்துவது, வெயிலில் போட்டு வைப்பது, அடியைத் தரையில் தட்டுவது, இதெல்லாம் யார் சொன்னாலும் கேட்காதே. முக்கியமாக, அந்தக் காவல்காரர் வந்தால் மரியாதையாக ஒரு செம்பு மோர் கொடுத்து, துப்பாக்கியைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பு. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள்.

ஊதிப் பார்ப்பது என்றால் என்னவென்று உன் தங்கை கேட்கிறாள். அவளுக்காகவும் சொல்கிறேன். வெடிக்காத துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள். ஒருவன் குழலின் வாயில் உதடு வைத்து ஊதுவான். இன்னொருவன் கீழே உட்கார்ந்து, எச்சில் தொட்ட விரலை முளையின் துவாரத்துக்கு நேரே வைத்திருப்பான். விரலில் காற்றுப் பட்டால் துவாரம் திறந்திருக்கிறது, புதுக் கேப்பு மாட்டித் தட்டலாம். படாவிட்டால் அடைப்பு, ஊசியால் குத்தி எடுக்கலாம். தண்ணீர் ஊற்றினால் ஒரு பிடி மருந்து வீணாகிறது. ஊதிப் பார்த்தால் ஒன்றும் வீணாவதில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் எல்லாக் காவல்காரரும் இதைத்தான் செய்தார்கள். அதில் நிதானக்காரரும் உண்டு, அவசரக்காரரும் உண்டு.

உன் மாமன் வேலாயுதத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அம்மாவின் ஒரே தம்பி. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கக் கூட்டிப்போனவன், உனக்குக் காது குத்தும்போது உன்னைவிட அதிகமாக அழுதவன். அவன் போனபோது உனக்குப் பதின்மூன்று வயது, கோமதிக்கு நாலு. யுத்தம் முடிந்த வருஷம். வாசுதேவநல்லூருக்கு மேற்கே ஒரு கடலைத் தோட்டத்தில் நான் காவலுக்கு இருந்தேன். வேலாயுதம் எனக்குத் துணைக்கு வந்திருந்தான். யுத்த காலத்தில் மருந்து கிடைப்பது பெரும்பாடு. கிடைத்ததைப் பொன்னைப் போல வைத்திருந்தோம். ஒருமுறை கெட்டித்த துப்பாக்கியை வெடிக்காமல் திரும்பக் கழற்ற யாருக்கும் மனம் வராது. அன்றைக்கு முதல்நாள் கெட்டித்ததை அப்படியே காவல் பரணில் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் மழை பெய்தது. முதல் தப்பு அது.

மறுநாள் விடிந்து, மலை உச்சியில் வெயில் விழுகிற நேரம். பன்றி நாலைந்து ஓடைக்கரையிலிருந்து ஏறி வந்தது. நான் குறிபார்த்துத் தட்டினேன். பொட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றிகள் நின்று பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் போயின. வேலாயுதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன வே மச்சான், பன்னிக்கு வேட்டுப் போட்டீரா, வெத்தல பாக்கு வச்சு அழைச்சீரா?"

"சும்மா கெடலே. மழையில மருந்து நமுத்துப் போச்சு."

"நமுத்தது மருந்து இல்ல வே, நீருதான். எங்கக்கா கழுத்த நீட்டுன அன்னைக்கே நமுத்தாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. மச்சான் மாப்பிள்ளைப் பேச்சுதான், தினமும் நடப்பதுதான். ஆனாலும் கண்ணெதிரே பன்றி நடந்து போகிறதே. அவன் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே எனக்கு இருந்தது. உடனே புதுக் கேப்பு மாட்டி மறுபடியும் தட்டினேன். மறுபடியும் பொட். இப்போது அவன் சிரிப்பில் குரலே வரவில்லை. நான் ஒன்று, இரண்டுகூட எண்ணவில்லை. துப்பாக்கியை இறக்கி, அடியைத் தரையில் ஊன்றினேன். விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"ஊதிப் பாருலே மாப்ள. காத்து வருதான்னு நான் பாக்கேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "ஊதுதேன். கலியாண நாயனம்னு நெனச்சு ஆடிராதீரும்" என்றான். குனிந்தான்.

காற்று என் விரலில் பட்டது. அவனுடைய மூச்சு. சூடாக, ஈரமாகப் பட்டது. அதை நான் உணர்ந்த பிறகுதான் வெடித்தது.

மேலே என்ன நடந்தது என்று உன் தங்கையை எழுதவைக்கமாட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா தானா எடுத்து வெளையாண்டாகன்னுதானே ஐயா சொல்லுவாக?" என்று கேட்டாள். "எழுது" என்றேன். பேனாவை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "கங்க ஊதுனா பத்திக்கும் ஐயா. காத்துப் பட்டாத்தான் தீ எரியும்னு எங்க டீச்சர் வெளக்க மூடிக் காட்டுனாக" என்றாள். படித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆவலில் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொல்வது சரியோ, தானாகவே வெடிக்கிற நேரம்தான் வந்ததோ, எனக்குத் தெரியாது. பத்து வருஷமாக நான் யோசித்ததில் இது மட்டும் வரவில்லை. அவனுடைய மூச்சை வைத்தே அந்தத் தீயை நான் எழுப்பச் சொல்லியிருக்கிறேனோ என்பது இன்றைக்குத்தான் என் தலையில் ஏறுகிறது.

கோமதி கேட்டது சரி. வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். அதைச் சொன்னவன் நான். ஆட்கள் ஓடிவந்தார்கள். பிறகு போலீஸ் வந்தது. என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் கேணியில் முகம் கழுவப் போயிருந்தேன், அவனாக எடுத்து விளையாட்டாக ஊதியிருக்கிறான் என்று சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடுத்த வார்த்தையும் அதற்கு அடுத்ததும் தானாக வந்தன. எழுதிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அதன் பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. இந்த ஊருக்கு வந்து நெசவுக்கூடத்தில் நூல் சுற்றப் பழகிக்கொண்டேன். துப்பாக்கியை விட்டுவிட்டேன், ஆகையால் பாவத்தை விட்டுவிட்டேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆனால் நான் சொன்ன பொய் நம் வீட்டிலேயே வளர்ந்தது, முத்தையா. நீ மரம் ஏறினால், கிணற்றில் குதித்தால், ஆடித் தபசுக் கூட்டத்தில் பட்டாசைக் கையில் பிடித்தால், உன் அம்மா என்ன சொல்லுவாள்? "மாமன் புத்திலே உனக்கு. வெளையாடி வெளையாடி அவன் போன மாதிரிப் போயிராதடா." எத்தனை தடவை கேட்டிருப்பாய். செத்துப்போன தம்பியை அவள் திட்டுவாள், திட்டிவிட்டு அழுவாள். நான் பக்கத்தில் இருந்து நூலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலாயுதம் விளையாட்டுப் பேச்சுக்காரன்தான். ஆனால் கையில் நிதானம் உள்ளவன். மருந்தைத் தொட்டால் பீடியைத் தூர வைத்துவிட்டுத்தான் தொடுவான். அன்றைக்கு அவன் விளையாடவில்லை. மூத்தவன் சொன்னதைக் கேட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீக ஐயா, நான் மாமா மாதிரி வெளையாட மாட்டேன்" என்றாய். அப்போதே உன்னை இறக்கியிருக்க வேண்டும். என் பொய்யிலிருந்து நீ எடுத்துக்கொண்ட பாடம் அது. விளையாடினால்தான் ஆபத்து, மூத்தவர் சொல்கிறபடி நிதானமாக முறைப்படி ஊதிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று நீ நம்பிக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமைக்காக நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருக்கிறாய். என் மகன் என் பொய்யின் வாயில் உதடு வைக்கப் போகிறான் என்று நேற்றுப் புரிந்தது. நீ புத்தி கேட்டு எழுதவில்லை, செய்தியாகத்தான் எழுதினாய். அந்த நாலு வரியை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தகப்பன், ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் ஒருவன் சிரிக்கும்போது அவசரப்படாதே. துப்பாக்கிக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், உனக்கும் மச்சான் மாப்பிள்ளை வருவார்கள், கேலி செய்வார்கள். சிரிப்பு நின்றபிறகு நாம் என்ன செய்திருந்தோம் என்பது மட்டும்தான் மிஞ்சும். இன்னொன்று, நீ தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தாமதித்தால் மறுநாள் அதற்கு இன்னொரு நாள் கூடிவிடுகிறது.

உன் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இதைத் தொடங்கினேன். உனக்குச் சொல்லி, அவளிடமிருந்து மறைத்து, இன்னொரு பொய்யைக் கட்டிவிடலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தேன். இவ்வளவும் சொன்ன பிறகு அது முடியவில்லை. தெருமுனையில் அவள் வருகிறாள். கோமதியை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

வாசித்தாயிற்று.

கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைக்கூட அம்மா கீழே வைக்கவில்லை. நின்றபடியே கேட்டாள். நாயனம் என்று அவன் சொன்ன இடம் வந்தபோது, "திருப்பி வாசி" என்றாள். கோமதி திரும்ப வாசித்தாள். "அப்படித்தான் பேசுவான். அவன் பேச்சேதான்" என்று சொல்லி அப்புறம்தான் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. "இத்தன வருசமும் அவனப் போயி வைதேனே, இத்தன வருசமும் அவனப் போயி வைதேனே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதி அவள் மடியில் தலை வைத்துக்கொண்டாள். நான் அங்கே இருக்கலாமா, வெளியே போகலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

பிறகு உன் அம்மா மணி என்ன என்று கேட்டாள். மூன்றே முக்கால் என்றாள் கோமதி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, அந்தத் தண்ணி ஊத்துத வெசயத்த மட்டும் கடைசியில இன்னொருக்கா எழுது. கொட்டை எழுத்துல எழுது. அவன் பாதியில விட்டாலும் அது கண்ணுல படட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் போக வேண்டாம், நானும் வருவேன் என்று எனக்குக் கோமதியிடம் சொல்லியனுப்பினாள். நான் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அவள் சொன்னபடி கீழே எழுதியிருக்கிறது.

முத்தையா, தண்ணீர் ஊற்று. குழல் நிறைய ஊற்று. யார் சொன்னாலும் அதில் வாய் வைக்காதே. உன் ஐயா சொன்னாலும் வைக்காதே.

கடைசி வார்த்தைகள் நான் சொன்னவை அல்ல. உன் அம்மா சொன்னாள். அதை அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.